கம்பெனி போனாலும் நம்பர் போகக் கூடாது

2007 ஜூலை 16, திங்கட்கிழமை. அமெரிக்காவின் ‘சன்ராக்கெட்’ என்ற இணையத் தொலைபேசி நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்கு போன் செய்தவர்களுக்கு ஒரு பதிவுக் குரல்தான் கிடைத்தது. இனி சேவை தொடர்பான அழைப்புகளையும் விற்பனை தொடர்பான அழைப்புகளையும் ஏற்பதில்லை என்று சொல்லிவிட்டு அது நின்றுவிட்டது. முன்கூட்டி ஒரு கடிதம் கிடையாது, மின்னஞ்சல் கிடையாது. வர்ஜீனியா மாநிலத்து வியன்னா நகரில் இயங்கிய அந்த நிறுவனத்தை நம்பி 2 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். வருடத்துக்கு 199 டாலரை மொத்தமாகக் கட்டிவிட்டால் போதும், அமெரிக்கா முழுக்க எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்பதுதான் அவர்களை இழுத்த திட்டம். அப்போதுதான் புதுப்பித்தவர்களுக்குப் பன்னிரண்டு மாதக் கட்டணமும் போயிற்று.

பணம் போனதைவிடப் பெரிய கவலை நம்பர். மாதச் செலவு குறைகிறதே என்று, ஆண்டுக்கணக்காக வைத்திருந்த லேண்ட்லைன் நம்பரையே பலர் சன்ராக்கெட்டுக்கு மாற்றியிருந்தார்கள். பிள்ளைகளின் பள்ளியில், மருத்துவமனையில், வங்கியில், ஊரிலிருக்கும் அம்மாவின் டைரியில் எழுதியிருந்ததெல்லாம் அந்தப் பத்து இலக்கம்தான். பலருடைய போனில் டயல் டோன் இன்னும் வந்துகொண்டிருந்தது. அது எப்போது நிற்கும் என்று சொல்லத்தான் ஆளில்லை.

இவ்வளவு பழைய கதையை இப்போது எடுத்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு தொலைபேசி நிறுவனம் ஆட்டம் காணும்போது வாடிக்கையாளர் எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் வேறில்லை. அதுவும் அதே ஆண்டில், அதே தொழிலில், நேர் எதிரான இன்னொரு கதையும் நடந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

இரண்டாவது கதை வோனேஜுடையது. நியூஜெர்சியின் ஹோம்டெல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த நிறுவனம்தான் அன்று அமெரிக்க இணையத் தொலைபேசியில் முதலிடம். 2006 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்தது. ஒரு பங்கு 17 டாலர். தன் வாடிக்கையாளர்களுக்கே பங்குகளை ஒதுக்கித் தந்தது. முதல் நாள் முடிவிலேயே விலை 15 டாலருக்குக் கீழே இறங்கி, வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். அடுத்த மாதமே தன் காப்புரிமையை மீறியதாகத் தொலைபேசி நிறுவனமான வெரைசன் வழக்குப் போட்டது. 2007 மார்ச்சில் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நீதிமன்றத்தில் ஜூரி வோனேஜுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லி 5.8 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. ஏப்ரலில், புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கவே கூடாது என்று நீதிபதி தடை போட, மேல்முறையீட்டு நீதிமன்றம் உடனே அதை நிறுத்திவைத்ததால் தப்பித்தார்கள். அதே மாதம் தலைமை நிர்வாகி ராஜினாமா செய்தார். செப்டம்பரில் ஸ்பிரிண்ட் தொடுத்த வழக்கிலும் தோல்வி, இன்னொரு 6.95 கோடி டாலர். பத்திரிகைகளில் வாராவாரம் இதுதான் பேச்சு. வோனேஜ் வாடிக்கையாளர்கள் இருக்கலாமா, கிளம்பலாமா என்று தவித்தார்கள்.

முடிவில் என்ன நடந்தது? வோனேஜ் அந்த அக்டோபரில் இரண்டு நிறுவனங்களோடும் சமரசம் செய்துகொண்டது. 2008 இறுதியில் பங்கு ஒரு டாலருக்கும் கீழே கிடந்தது, ஆனாலும் லைன் நிற்கவில்லை. 2009-ல் மாதம் 24.99 டாலருக்கு இந்தியா உட்பட 60-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு வரம்பில்லாமல் பேசும் திட்டத்தைக் கொண்டுவந்தது. காலிங் கார்டைச் சுரண்டி, நீளமான நம்பரை அடித்து, நிமிடத்தை எண்ணி எண்ணி ஊருக்குப் பேசிக்கொண்டிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அது பெரிய விடுதலை. 2022-ல் எரிக்சன் நிறுவனம் சுமார் 620 கோடி டாலருக்கு வோனேஜை வாங்கியது.

தினமும் செய்தியில் அடிபட்ட கம்பெனி பிழைத்துக்கொண்டது. அவ்வளவாக யாரும் பேசாத கம்பெனி ஒரே நாளில் கதவைச் சாத்தியது. இதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. வோனேஜ் பங்குச் சந்தையில் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நட்டத்தையும் வழக்கையும் ஊரறியச் சொல்லியே ஆக வேண்டும். சன்ராக்கெட் தனியார் முதலீட்டில் நடந்த நிறுவனம். கையிருப்பு எவ்வளவு, எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும் என்பதை வெளியில் சொல்ல வேண்டிய கட்டாயம் அதற்கில்லை. கெட்ட செய்தி வருகிறதே என்று பதறுகிறவர்களுக்கு நான் சொல்வது: செய்தி வராத கம்பெனியைப் பற்றித்தான் கூடுதலாக யோசிக்க வேண்டும்.

இந்தத் தொழிலில் ஏன் இவ்வளவு பேர் கவிழ்ந்தார்கள் என்பதையும் பார்த்துவிடலாம். இணையத் தொலைபேசி தொடங்க பெரிய முதலீடு வேண்டாம். கம்பி வாடிக்கையாளருடையது, இன்டர்நெட் கட்டணமும் அவருடையது. நிறுவனம் தருவது ஒரு சின்ன அடாப்டர் பெட்டி, ஒரு நம்பர், பின்னால் சில சர்வர்கள். ஆகவே யாரும் தொடங்கலாம், யாரும் விலையைக் குறைக்கலாம். ஆனால் வாடிக்கையாளரைப் பிடிப்பதுதான் பெரும் செலவு. 2005-ல் வோனேஜின் வருமானம் சுமார் 27 கோடி டாலர். அதில் விளம்பரத்துக்கும் விற்பனைக்கும் மட்டுமே சுமார் 24 கோடி போய்விட்டது. அந்த ஆண்டு நட்டம் சுமார் 26 கோடி. முதலிடத்தில் இருந்தவருக்கே இந்தக் கதி. சன்ராக்கெட்டின் 199 டாலரை மாதத்துக்குப் பிரித்தால் 17 டாலர்கூட வராது. அதற்குள் பெட்டியின் விலை, அழைப்பு போய்ச் சேரும் லோக்கல் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய கட்டணம், 911 அவசர சேவைக்கான செலவு, கஸ்டமர் கேர் ஊழியர் சம்பளம் எல்லாம் அடங்க வேண்டும்.

அதனால்தான் முன்பணத் திட்டத்தைக் கண்டால் எனக்கு நெருடுகிறது. ‘ஒரு வருடத்துக்கு இப்போதே கட்டினால் பாதி விலை’, ‘இரண்டு வருடத்துக்குக் கட்டினால் இன்னும் மலிவு’ என்று ஒரு போன் கம்பெனி திரும்பத் திரும்ப அழைத்தால், அதற்கு இன்றைக்கே ரொக்கம் தேவைப்படுகிறது என்று அர்த்தம். எல்லா வருடாந்தரத் திட்டமும் மோசடி என்று சொல்ல வரவில்லை. ஆனால் மற்ற அறிகுறிகளோடு இதுவும் சேர்ந்தால் விழித்துக்கொள்ள வேண்டும்.

மற்ற அறிகுறிகள் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பவை. கஸ்டமர் கேரில் காத்திருக்கும் நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து நாற்பது நிமிடமாகிறது. புகார் எண் தருகிறார்கள், திரும்ப அழைப்பதில்லை. உள்ளே வரும் அழைப்பு சில நேரம் ஒலிக்காமலே போகிறது. குறிப்பிட்ட ஏரியாக்களுக்கு மட்டும் லைன் போகவில்லை. இந்தக் கடைசி அறிகுறி மிக முக்கியம். மொத்த வியாபாரத்தில் லைன் கொடுக்கும் பெரிய கேரியருக்கு நம் கம்பெனி பாக்கி வைத்திருந்தால், முதலில் இப்படித்தான் அங்கங்கே வெட்டு விழும். ஆள்குறைப்பு செய்தியும், தொடங்கியவர்களே விலகினார்கள் என்ற செய்தியும் வந்தால் சந்தேகமே வேண்டாம். பங்கு விலையைப் பார்ப்பதைவிட, வேலை நாளில் கஸ்டமர் கேருக்கு ஒரு போன் போட்டு, மனிதக் குரல் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது உருப்படியான சோதனை.

சரி, கிளம்புவதென்று முடிவு செய்தாயிற்று. நம்பரைக் கையோடு கொண்டுபோவது எப்படி?

நம்பர் நம் வீட்டுப் பெட்டியில் இல்லை. நாம் மாதாமாதம் பணம் கட்டும் கம்பெனியிடமும் பெரும்பாலும் இல்லை. அந்தக் கம்பெனி, நம்பர்களை ஒரு மொத்த கேரியரிடமிருந்து வாங்கி நமக்குத் தருகிறது. நம்பர் இடம் மாறும்போது, அமெரிக்காவில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒரு பதிவேட்டில் ஒரு வரி மாறுகிறது. யாராவது நம்மை அழைத்தால், அவருடைய நெட்வொர்க் முதலில் அந்தப் பதிவேட்டைக் கேட்கும்: இந்த நம்பர் இப்போது யாருடைய சுவிட்சில் இருக்கிறது? பதிலாக இன்னொரு பத்து இலக்க எண் வரும். அந்த வழியில் அழைப்பு போகும். போர்ட் செய்வது என்பது அந்தப் பதில் எண்ணை மாற்றுவது, அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு நொடி வேலை.

நாள் பிடிப்பது மனிதர்களிடம்தான். புதிய கம்பெனி தன் கேரியர் மூலமாக, ‘இந்த வாடிக்கையாளர் எங்களிடம் வருகிறார், விடுங்கள்’ என்று பழைய கேரியரைக் கேட்கும். பழைய பக்கத்தில் பெயர், முகவரி, கணக்கு எண், சில சமயம் பின் எண் எல்லாம் தங்கள் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துவிட்டு, சரி என்று சொல்ல வேண்டும். சன்ராக்கெட்டில் திங்கட்கிழமைக்குப் பிறகு சரி சொல்ல வேண்டியவர்களே வீட்டுக்குப் போய்விட்டார்கள். சொத்துகளைத் தீர்வு செய்யப் பொறுப்பேற்ற ஷெர்வுட் பார்ட்னர்ஸ், ‘எய்ட் பை எய்ட்’, ‘டெலிபிளெண்ட்’ ஆகிய நிறுவனங்களோடு ஏற்பாடு செய்து வாடிக்கையாளர்களை அந்தப் பக்கம் திருப்பிவிட்டது. அதுவரை அவர்களுக்கு நிச்சயம் என்று எதுவுமில்லை.

சட்டமும் அப்போது பின்தங்கியிருந்தது. சாதாரண லேண்ட்லைனுக்கும் 2003 முதல் செல்போனுக்கும் இருந்த நம்பர் மாற்றும் உரிமையை, இணையத் தொலைபேசிக்கும் கட்டாயமாக்கி அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் முடிவெடுத்தது 2007 அக்டோபர் 31-ல். சன்ராக்கெட் மூடி மூன்றரை மாதம் கழித்து. சேவையை நிறுத்தும் முன் வாடிக்கையாளருக்கும் ஆணையத்துக்கும் அறிவிப்பு தர வேண்டும் என்ற விதி இணையத் தொலைபேசிக்கு வந்தது 2009-ல். அதே ஆண்டு, எளிமையான ஒற்றை நம்பர் மாற்றத்தை ஒரே வேலை நாளில் முடித்துத் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள். பழைய கம்பெனிக்கு நாம் பாக்கி வைத்திருந்தாலும் நம்பரை விட மறுக்க முடியாது, பாக்கியைத் தனியாக வசூலித்துக்கொள்ளலாம் என்பதும் இன்று தெளிவான விதி. இதைத் தெரியாமல் ‘பாக்கியைக் கட்டினால்தான் நம்பர்’ என்ற மிரட்டலுக்குப் பயந்து தங்கிவிடுகிறவர்கள் உண்டு.

விதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதை நிறைவேற்ற எதிர்ப்பக்கம் ஓர் ஆள் வேண்டும். தமிழ்நாட்டில் இதை நேரில் பார்த்தோம். 2018 பிப்ரவரியில் ஏர்செல் நெட்வொர்க் மாநிலம் முழுக்கப் படுத்துக்கொண்டது. வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமானால் அந்த நம்பரிலிருந்தே 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, போர்ட்டிங் கோடு வாங்க வேண்டும். சிக்னலே இல்லாத போனிலிருந்து எப்படி எஸ்எம்எஸ் அனுப்புவது? கடை வாசலில் வரிசை நின்றது. கடைசியில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் தலையிட வேண்டியிருந்தது. அந்த மாதக் கடைசியில் ஏர்செல் திவால் மனு போட்டது. முந்தைய மாதமே மாறியவர்கள் எந்தச் சிரமமும் படவில்லை. உரிமை இருவருக்கும் ஒன்றுதான், லைன் உயிரோடு இருந்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

ஆகவே சந்தேகம் வந்த அன்றைக்கே செய்ய வேண்டிய முதல் வேலை, பழைய கம்பெனியின் இணையக் கணக்குக்குள் நுழைந்து கடைசி பில்லைச் சேமித்துக்கொள்வது. மாறுவோமா இல்லையா என்று முடிவெடுக்காவிட்டாலும் இதைச் செய்துவிட வேண்டும். கணக்கு எண், பின் எண், அவர்கள் பதிவில் நம் பெயரும் முகவரியும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பது, இவையெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். கம்பெனி மூடினால் அந்தப் பக்கமும் சேர்ந்தே போகும். வாய்ஸ்மெயிலில் பத்திரப்படுத்த வேண்டிய குரல் ஏதாவது இருந்தால் அதையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இறந்துபோன அப்பாவின் குரல் ஒரு வாய்ஸ்மெயிலில் மட்டும் மிஞ்சியிருக்கும் வீடுகள் உண்டு. அதை இழந்தால் எந்த ஆணையமும் மீட்டுத் தராது.

அடுத்தது புதிய கம்பெனியில் நிரப்பும் அனுமதிப் படிவம். அலட்சியமாக நிரப்பினால் இங்கேதான் அடி விழும். பழைய பில்லில் ‘ராமசாமி எஸ்’ என்றிருக்க, படிவத்தில் ‘எஸ். ராமசாமி’ என்று எழுதினால் திருப்பி அனுப்பப்படலாம். பில்லில் வீட்டு எண்ணுக்குப் பிறகு ‘அபார்ட்மெண்ட் 4பி’ என்று இருந்து, படிவத்தில் வெறும் ‘4பி’ என்று போட்டாலும் திரும்பி வரலாம். இரண்டு வருடத்துக்கு முன் வீடு மாறி, பழைய கம்பெனியிடம் முகவரியை மாற்றாமல் விட்டிருந்தால், படிவத்தில் எழுத வேண்டியது அந்தப் பழைய முகவரிதான். கம்பெனிகள் சரிபார்ப்பது தங்கள் பதிவை, நம் வாழ்க்கையை அல்ல. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் சில நாட்கள் வீணாகும். ஆட்டம் காணும் கம்பெனி விஷயத்தில் அந்தச் சில நாட்கள் விலைமதிப்பற்றவை.

புதிய கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் ஏரியா நம்பரை அவர்களால் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிட வேண்டும். அந்த ஊர்ப் பகுதியில் அவர்களுடைய கேரியருக்கு வசதி இல்லாவிட்டால் போர்ட் நடக்காது. முடியும் என்றால், முதலில் ஒரு தற்காலிக நம்பரோடு சேர்ந்து ஒரு வாரம் பேசிப் பாருங்கள். குரல் தெளிவு, எதிரொலி, பேக்ஸ் வைத்திருந்தால் அது போகிறதா என்றெல்லாம் தெரிந்துவிடும். பழைய கம்பெனியின் அடாப்டர் அவர்களுக்கென்றே பூட்டப்பட்டதாக இருந்தால் புதிய இடத்தில் உதவாது. எந்த நிறுவனத்தோடும் இணையக்கூடிய, பூட்டில்லாத அடாப்டரைச் சொந்தமாக வாங்கிக்கொண்டால் அடுத்த முறை மாறுவது சுலபம்.

பழைய இணைப்பை ரத்து செய்யாதீர்கள். இதைத் தடித்த எழுத்தில் எழுத வேண்டும். ‘அங்கே போகிறோம், இங்கே எதற்கு வெட்டியாகப் பணம்’ என்று பழைய கணக்கை முதலில் மூடிவிட்டால், நம்பர் கேரியரிடம் திரும்பிப்போய்விடும். பிறகு போர்ட் செய்ய எதுவும் இருக்காது. நம்பர் புதிய இடத்தில் ஒலிக்கத் தொடங்கி, வெவ்வேறு நெட்வொர்க்கிலிருந்து அழைத்துப் பார்த்துச் சரி என்று தெரிந்த பிறகுதான் பழைய கணக்கை மூட வேண்டும். இடைப்பட்ட நாட்களில், பழைய கணக்குக்குள் நுழைய முடிகிறவரை அழைப்புகளை செல்போனுக்குத் திருப்பிவிடலாம். லைன் தடுமாறினாலும் அழைப்பு தப்பாது.

பணம் கட்டும் முறையிலும் கவனம் வேண்டும். மாதாமாதம், கிரெடிட் கார்டில் கட்டுவதே நல்லது. அமெரிக்கச் சட்டப்படி, கிடைக்காத சேவைக்குப் பணம் பிடித்தால் பில் வந்த 60 நாளுக்குள் கார்டு கம்பெனிக்கு எழுதி மறுக்கலாம். வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டி, எட்டாவது மாதத்தில் கம்பெனி கவிழ்ந்தால் அந்தக் கெடு எப்போதோ தாண்டியிருக்கும், வங்கியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். டெபிட் கார்டில் கட்டியிருந்தால் இன்னும் சிக்கல்.

பெரிய கம்பெனி என்றால் இந்தக் கவலையெல்லாம் வேண்டாமே என்று சிலர் நினைக்கலாம். ஏடி அண்ட் டி 2004-ல் தொடங்கிய ‘கால்வான்டேஜ்’ இணையத் தொலைபேசிச் சேவையை 2009-ல் மூடியது. மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலருக்கு வாங்கிய ஸ்கைப் 2025 மே 5-ல் ஓய்ந்தது. இரண்டு நிறுவனங்களுக்கும் பணத்துக்குப் பஞ்சமில்லை, அந்தச் சேவையில் அவர்களுக்கு அக்கறை தீர்ந்துவிட்டது. ஆனாலும் ஸ்கைப் மூடப்படுவதை பிப்ரவரி 28-லேயே அறிவித்து இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசம் கொடுத்தார்கள். பெரிய கம்பெனியிடம் நமக்குக் கிடைக்கும் உண்மையான பாதுகாப்பு அந்த அவகாசம்தான்.

எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக உட்காரும் முன் இன்னொன்று இருக்கிறது, உயிர் சம்பந்தப்பட்டது. பழைய கம்பி போனில் 911-ஐ அழைத்தால் வீடு எது என்று அவசர உதவி மையத்துக்குத் தானாகவே தெரியும். இணையத் தொலைபேசியில் நாம் பதிந்து வைத்திருக்கும் முகவரிதான் தெரியும். 2005 தொடக்கத்தில் ஹியூஸ்டனில் ஒரு வீட்டில் கொள்ளையர்கள் புகுந்து பெற்றோரைச் சுட, மகள் இணையத் தொலைபேசியில் 911-ஐ அழைத்தபோது இணைப்பு கிடைக்கவில்லை. பதிவுக் குரல்தான் வந்தது. டெக்சாஸ் மாநில அட்டர்னி ஜெனரல் வோனேஜ் மீது வழக்குத் தொடுத்தார். அந்த மே மாதமே, இணையத் தொலைபேசி நிறுவனங்கள் எல்லாம் 911 வசதி தந்தாக வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது.

நம்பர் இடம் மாறினாலும், பழைய கம்பெனியில் பதிந்த முகவரி கூடவே வராது. புதிய கணக்கில் நாமேதான் பதிய வேண்டும், மாடி எண், கதவு எண் உட்பட. வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீடானால், பட்டனை அழுத்தினால் உதவி மையத்தை அழைக்கும் மருத்துவக் கருவியும், திருட்டு அலாரமும் எந்த லைனில் இருக்கின்றன என்று பார்த்து, புதிய லைனில் அவை வேலை செய்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். 911-ஐச் சோதனைக்காக அழைக்கக் கூடாது. பல இணையத் தொலைபேசி நிறுவனங்களில் அதற்கென்றே 933 என்ற எண் இருக்கிறது. அதை அழைத்தால் பதிவிலிருக்கும் முகவரியைப் படித்துக் காட்டும். கதவு எண் தப்பாக இருந்தால் அப்போதே கணக்குக்குள் போய்த் திருத்திவிட்டு, மறுபடி 933-ஐ அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.